கலைச்சொல்: 'ஸ்டூவர்ட்ஷிப்' – பேண்பொறுப்பா, பரிபாலனமா?

கிளிநொச்சியில் இருந்து (மொழிபெயர்ப்பு)

வணக்கம். கம்பனியொன்று ஊருக்கு ஆர்.ஓ. (சவ்வினூடாக நீரை அழுத்தி உப்பை நீக்கும்) குடிநீர் நிலையம் அமைத்துக் கொடுக்கும்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு கைச்சாத்திடும் உடன்படிக்கைக்கு ஒரு மாதிரிப் படிவம் தமிழில் ஆகிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. 'கோப்பரேட் சோஷல் ரெஸ்பொன்சிபிலிற்றி' இலங்கையில் கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு என்று ஊன்றிவிட்டது. 'சஸ்ரெயினபிள்' என்பதற்குப் பேண்தகு, நிலைபேறான என்று இரண்டு ஓடினாலும், 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நிலைபேறான அபிவிருத்தி என்றே பெயர் கொண்டிருப்பதால் படிவத்தில் அதையே வைத்தாயிற்று.

இடிக்கிறது 'ஸ்டூவர்ட்ஷிப்' (stewardship), அதாவது தனக்கு மட்டும் உரியதல்லாததைப் பொறுப்பேற்றுப் பேணுவது. நிலையத்துக்கும் அது உறிஞ்சுகிற நிலத்தடி நீருக்கும் ஐந்து ஆண்டுக்கு இரு தரப்பும் 'ஸ்டூவர்ட்ஷிப்' ஏற்கவேண்டும் என்பது வாசகம். பராமரிப்பு என்று போட்டால் பம்பிக்குப் பொருந்தும், நிலத்தடி நீருக்குப் பொருந்தாது. கிணற்றுக்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு யாரும் கிறீஸ் பூசமுடியாது. மேற்பார்வை என்றால் ஒருவர் கைகட்டி நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. எனது முன்மொழிவு: பேண்பொறுப்பு. குறைகளைச் சொல்லுங்கள்.

மன்னாரில் இருந்து (தமிழாசிரியை)

முதலில் புணர்ச்சி. பேண் + பொறுப்பு வினைத்தொகை; ஆகவே ணகரம் மாறாது, வல்லினமும் மிகாது. மண் + குடம் மட்குடம் ஆவதைக் காட்டி யாராவது 'பேட்பொறுப்பு' என்று திருத்த வந்தால் விடாதீர்கள். வடிவம் சரி. பொருள் போதுமா என்பதுதான் என் ஐயம்.

ஸ்டூவர்ட் என்பவர் ஆதியில் பெரிய வீட்டின் காரியத்தைப் பார்த்தவர். வீடு அவருடையது அல்ல, திறப்பு அவரிடம், கணக்கு எசமானுக்கு. தமிழ் விவிலியம் இவரை உக்கிராணக்காரன் என்றது. உக்கிராணம் களஞ்சிய அறை. மன்னார்ப் பக்கம் கோவிலில் பிரசங்கம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் இன்று உடன்படிக்கையில் 'உக்கிராணத்துவம்' என்று எழுதினால் கம்பனிக்காரர் சமையல் ஒப்பந்தம் என்று நினைப்பார்.

காந்தி சொன்ன 'ட்ரஸ்ரீஷிப்' கருத்தைத் தமிழில் தர்மகர்த்தா முறை என்று எழுதியிருக்கிறார்கள். செல்வம் வைத்திருப்பவர் அதற்கு உடைமையாளர் அல்ல, ஊருக்காக வைத்திருப்பவர் என்பது அதன் சாரம். அதற்குப் பக்கத்திலேயே நம் ஊரில் உயிரோடு இருக்கிற சொல் பரிபாலனம். வன்னியில் ஆலய பரிபாலன சபை என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சொத்து சாமியுடையது, சபை பார்க்கிறது, பொருளாளர் ஒருவர் இருப்பார், பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கவேண்டும், வாசிக்காவிட்டால் கூட்டம் கலையாது. ஸ்டூவர்ட்ஷிப்பில் உள்ள மூன்றும் (உடைமை பிறருடையது, கையாள்வது நாம், கணக்கு ஒப்புவிக்கவேண்டும்) இதற்குள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக ஒட்டுப்போட்டு ஏன் செய்யவேண்டும்?

முல்லைத்தீவில் இருந்து (நீர்ப் பொறியியல்)

ரீச்சர், பரிபாலனம் நல்ல சொல். அதனால்தான் பயமாக இருக்கிறது. கோயிலில் பரிபாலன சபையோடு சேர்ந்து வாழ்கிற இன்னொரு சொல் உபயம். தூண் உபயம் தந்தவர் தூணில் பெயர் வெட்டிவிட்டுப் போவார், அதன் பிறகு தூண் சபையின் பாடு. தூணுக்கு அது சரி. தூண் மின்சாரம் கேட்பதில்லை. ஆர்.ஓ. இயந்திரத்தை உபயம் மாதிரிக் கொடுக்கிறபடியால்தான் பெயர்க்கல் பளபளக்க, கதவு பூட்டிக்கிடக்கிறது. பரிபாலனம் என்று எழுதினால் முழுச்சுமையும் சங்கத்தின் தலையில் என்றே வாசிக்கப்படும்.

எதைப் பேணவேண்டும் என்று தெரிந்தால் சொல்லைத் தேர்வது சுகம். அதனால் கொஞ்சம் விரிவாக.

மணிக்கு 500 லீற்றர் நல்ல தண்ணீர் தரும் நிலையத்தை எடுங்கள். 50 வீத மீட்பில் ஓடினால் கிணற்றிலிருந்து மணிக்கு 1,000 லீற்றர் வரவேண்டும். பாதி குடிக்க, பாதி வெளியே. கிணற்று நீரில் கரைந்த திண்மம் லீற்றருக்கு 900 மில்லிகிராம் என்றால் (இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 அனுமதிப்பது 500), வெளியே போகிற பாதியில் அது ஏறத்தாழ 1,750 ஆகும். உப்பு மட்டுமில்லை, வன்மையும் (சுண்ணாம்புத் தன்மையும்) புளோரைட்டும் அப்படியே செறிந்து போகும். இதைக் கிணற்றடியிலேயே விட்டால் ஊறித் திரும்ப அதே கிணற்றுக்கு வரும். உள்வரும் நீர் வரவர மோசமாகும், இயந்திரம் வரவர அதிகம் உழைக்கும். கழுவ, மலசலகூடத்துக்கு என்று ஒரு பகுதியைப் பாவிக்கலாம். மிச்சத்தைக் குழாயில் தூரக் கொண்டுபோகவேண்டும், வயல் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ அல்ல. திட்ட வரைபில் பெரும்பாலும் இல்லாமல் போவது இந்தக் குழாய்தான்.

அடுத்தது மென்சவ்வு, அதாவது நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு. மணல் வடி, கரி வடி, 5 மைக்ரோன் வடி, படிவுத் தடுப்பு மருந்து எல்லாம் மென்சவ்வைக் காக்கத்தான். 5 மைக்ரோன் வடி நீரின் கலங்கலைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதம். படிவுத் தடுப்பு மருந்து லீற்றருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை போகும். மருந்து முடிந்து பத்து நாள் யாரும் பார்க்காவிட்டால் நம் பக்கத்து வன்னீர் சவ்வில் சுண்ணாம்பு கட்டிவிடும். சுத்த நீரின் அளவு 10 – 15 வீதம் குறைந்தவுடன் சிற்றிக் அமிலத்தால் கழுவினால் திரும்பும்; பாதிக்குப் பாதி குறையும்வரை விட்டால் திரும்பாது. இன்னொரு தவறு: கிணற்றுக்கு குளோரின் போட்டுவிட்டுக் கரி வடி பழுதானதைக் கவனியாமல் ஓட்டுவது. குளோரின் சவ்வை அரித்துவிடும், பிறகு எந்த அமிலமும் உதவாது. ஒழுங்காகப் பார்த்தால் சவ்வு மூன்று வருடம் போகும்.

மாரி இன்னொரு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பிடித்துக் குடிப்பார்கள், தண்ணீர் வாங்க வருவோர் குறைவர், நடத்துநர் பூட்டிவிட்டு வயலுக்குப் போவார். நின்ற நீரில் பக்றீரியா சவ்வில் பாசி மாதிரிப் படரும். தினமும் அரை மணித்தியாலமாவது ஓட்டவேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் மெற்றாபைசல்பைற் 1 வீதக் கரைசலை நிரப்பி வைத்து, மாதம் ஒருமுறை மாற்றவேண்டும்.

ஆக இங்கே நாலு விதமான கடமை இருக்கிறது: தினசரி ஓட்டம், பாகம் மாற்றுதல், கழிவை அப்புறப்படுத்தல், கிணற்றின் தரமும் மட்டமும் பார்த்தல். முதலாவது சங்கத்துக்கு முடியும். மூன்றாவதும் நாலாவதும் கம்பனியின் தலையிலும் இருக்கவேண்டும். சொல் பங்குபிரிக்கக் கூடியதாக இருக்கவேணும். 'கம்பனியின் பேண்பொறுப்பு இவை, சங்கத்தின் பேண்பொறுப்பு இவை' என்று எழுதலாம். 'கம்பனியின் பரிபாலனம்' என்று எழுதிப் பாருங்கள், கம்பனிக்காரன் ஊரை ஆளவந்த மாதிரிக் கேட்கும்.

மதுரையில் இருந்து

இங்கே 'பொறுப்பாண்மை' என்று எழுதுகிறோம். மேலாண்மை, வேளாண்மை வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். சட்டப் பக்கமாக ஒரு செய்தி பயன்படலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. ஊருக்கு நல்ல தண்ணீர், பள்ளிக்கு வகுப்பறை என்று செலவிட்டு உருவான சொத்து யார் பெயரில் இருப்பது என்ற குழப்பம் இருந்தது. 2021 திருத்த விதிகள் அதற்கு வழி சொன்னன: பதிவுபெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்பு, பயனாளிகளின் குழு, அல்லது அரசு அமைப்பு வைத்திருக்கலாம்; நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. அதாவது உடைமை எங்கே என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. மென்சவ்வை யார் மாற்றுவது என்பதை ஒப்பந்தம்தான் சொல்லவேண்டும்.

வவுனியாவில் இருந்து (கணக்காய்வு)

மதுரை நண்பருக்கு: பொறுப்பாண்மை தனியே நன்றாக இருக்கிறது. எங்களுக்கு 'கோப்பரேட்' கூட்டாண்மை ஆகிவிட்டதே. அங்கே கூட்டாண்மை என்றால் பங்காளி வியாபாரம். 'கூட்டாண்மைப் பொறுப்பாண்மை' என்று ஒரு தலைப்பு வந்தால் அச்சுக்கோப்பவர் வேலையை விட்டுவிடுவார்.

தனி மடலில் ஒருவர் 'பேண்கடன்' சொன்னார். கடன் என்பதற்குக் கடமை என்ற பழம்பொருள் இருப்பது உண்மை. ஆனால் நுண்கடன் வாங்கித் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் பெண்கள் இருக்கிற ஊரில், சங்கக் கூட்டத்தில் 'உங்களுக்குப் பேண்கடன்' என்று வாசித்தால் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள். அதை விடுவோம்.

பணத்தைப் பற்றி எஞ்சினியர் தம்பி தொடவில்லை. பேண்பொறுப்பு என்ற சொல் கணக்கேட்டில் ஒரு நிரலாக வராவிட்டால் அது வெறும் அலங்காரம். மென்சவ்வின் விலையை 36 ஆல் (மூன்று வருட மாதங்கள்) பிரித்து மாதாமாதம் தனிக் கணக்கில் போடவேண்டும். வடிக்கும் மருந்துக்கும் அப்படியே. நடத்துநர் கொடுப்பனவும் மின்கட்டணமும் வேறு. இவற்றைக் கூட்டி விற்கிற லீற்றரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான விலை. அதற்குக் குறைத்து விற்றால் மூன்றாம் வருடம் சவ்வு மாற்றக் காசு இராது. இறக்குமதிப் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது. பழைய விலையில் சேமித்தவர்களுக்குப் பாதிச் சவ்வுதான் மிஞ்சும். ஆகவே விலை வித்தியாசத்தை யார் பொறுப்பது என்ற வாசகம் கம்பனியின் பங்கில் வரவேண்டும்.

கம்பனி அறிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நீருக்குரிய இலக்கு 6 இன் நீலச் சின்னத்தை ஒட்டி, 'இத்தனை குடும்பத்துக்குத் தண்ணீர்' என்று திறப்புவிழா ஆண்டில் எழுதுவார்கள். அது எல்லாருக்கும் குடிநீர் என்ற இலக்கு 6.1. அதே பட்டியலில் 6.ஆ என்று சொல்லத்தக்க, உள்ளூர்ச் சமூகம் நீர் முகாமையில் பங்குகொள்வதை வலுப்படுத்தும் உப இலக்கு இருக்கிறது. அதை யாரும் ஒட்டுவதில்லை. சமூகப் பொறுப்பு பற்றிய ஐ.எஸ்.ஓ. 26000 சான்றிதழ் பெற்றோம் என்று போடுவதையும் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். 2010 இல் வந்த அந்த ஆவணம் வழிகாட்டி மட்டுமே, சான்றிதழுக்கு உரியதல்ல.

என் வாக்கு பேண்பொறுப்புக்கு. 'நம்பிக்கைப் பொறுப்பு' ஏற்கெனவே நம் சட்டத் தமிழில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இது அந்நியமாகத் தெரியாது.

ஒட்டுசுட்டானில் இருந்து (கமக்கார அமைப்பு)

படிச்ச ஆக்கள் கதைக்கிற இடத்தில் ஒரு சின்ன விசயம். குளத்துத் தண்ணியைப் பங்கிட்டு விட வட்டவிதானை எண்டு ஒருத்தர் இருக்கிறார். தண்ணி அவருடையதில்லை, துருசுத் (மதகுத்) திறப்புத்தான் அவரிடம். அறுவடைக்கு ஆளாளுக்கு ஏக்கர்க் கணக்கில நெல்லுக் குடுப்பினம். வாய்க்கால் துப்புரவும் காணிப் பங்குக்குத்தான். மூண்டு ஏக்கர்க்காரனுக்கு மூண்டு பங்கு. அதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில தீர்மானமாகும். உங்கட சொல் எதுவாயிருந்தாலும், எடுக்கிற தண்ணிக்கு ஏத்த பங்கு எண்டு எழுதுங்கோ. தொழிற்சாலை ஒண்டு அதே நிலத்தடித் தண்ணியை எடுக்குதெண்டால் அதின்ர பங்கு ஊருக்கு ஒரு மெசின் குடுக்கிறதோட முடியாது.

மன்னாரில் இருந்து

ஒட்டுசுட்டான் அண்ணை சொன்னதில் என் வாதம் தோற்றது. பரிபாலனத்துக்குள் பங்கு என்ற எண்ணம் இல்லை. அங்கே எல்லாம் சபைக்கு. நீர் தொடர்பான சர்வதேச ஸ்டூவர்ட்ஷிப் நியமத்திலும் கம்பனி தன் வளவை மட்டும் அல்ல, அந்த நீரேந்து பரப்பையும் அதில் உள்ள மற்றப் பாவனையாளரையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்கிறார்கள். பேண்பொறுப்பே இருக்கட்டும். 'பரிபாலனம்' என்பதைச் சங்கக் கூட்டத்தில் வாய்மொழியாக விளக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் இருந்து

நன்றி. பதிவு இப்படிப் போகிறது:

*பேண்பொறுப்பு* (பெயர்): தனக்கு மட்டும் உரியதல்லாத வளத்தையோ சொத்தையோ, தான் பெறும் பயனுக்கு ஏற்ற பங்கில் பேணி, அதற்குக் கணக்கு ஒப்புவிக்கும் கடப்பாடு. ஆள்: பேண்பொறுப்பாளர். வினை: பேண்பொறுப்பு ஏற்றல். 'பேண்பொறுப்பை ஒப்படைத்தல்' என்று எழுதவேண்டாம். கையளிப்பது நிலையத்தை மட்டுமே.

படிவத்தில் கையளிப்புப் பத்திரத்தோடு கையேற்புப் பத்திரம் ஒன்றையும் சேர்த்தாயிற்று. எஞ்சினியர் சொன்ன நாலு கடமையும் அதில் நாலு வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கம்பனி, சங்கம் என்று இரண்டு நிரல், கடைசியில் கணக்காய்வு அண்ணையின் 36 மாதக் கணக்கு. எந்தக் கட்டமும் வெறுமையாக இருந்தால் கைச்சாத்து இல்லை.

ஒன்று மிச்சம். வெளியே போகிற அந்த உப்புத் தண்ணீருக்குப் படிவத்தில் இப்போது கழிவுநீர் என்று இருக்கிறது. வாசிக்கிறவர்கள் மலசலகூடத் தண்ணீர் என்று எடுக்கிறார்கள். உவர்க்கழிவு என்று மாற்றலாமா? கிணறு உவராக இல்லாமல் வெறும் வன்னீராக இருக்கிற இடத்தில் அது பொருந்துமா?