ஆம்ஸ்டர்டாமிலிருந்து லிஃப்ட் கேட்டுக் கிளம்பிய அனுபவங்கள்

கையில் காசு குறைவாக இருக்கும்போது ஆம்ஸ்டர்டாமை விட்டு லிஃப்ட் கேட்டே வெளியேற முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். முடியும். நான் அங்கிருந்து பெர்லின் வரைக்கும் அப்படித்தான் போனேன். ஆம்ஸ்டர்டாமில் ஹாஸ்டல் வாடகையே கையைக் கடிக்கும். 2024 முதல் அதன் மேல் 12.5 சதவீதம் தங்கும் வரி வேறு. இன்னும் ஓர் இரவு தங்கினால் பஸ்ஸுக்கு வைத்திருந்த பணம் கரைந்துவிடும் என்ற நிலை. சரி, சாலையில் நிற்போம் என்று முடிவெடுத்தேன்.

இந்த ஊரில் லிஃப்ட் கேட்பவர்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஆம்ஸ்டல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரின்ஸ் பெர்ன்ஹார்ட்பிளைன் என்ற இடம். டச்சுக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்தை லிஃப்ட்பிளாட்ஸ் என்கிறார்கள். நகரத்தின் நடுவிலிருந்து 51, 53, 54 எண் மெட்ரோக்கள் ஆம்ஸ்டலுக்குப் போகின்றன. அங்கிருந்து கிளம்பும் எஸ்112 சாலை, நகரைச் சுற்றி ஓடும் ஏ10-ஐத் தொடுகிறது. அதைப் பிடித்தால் கிழக்கே ஏ1, தெற்கே ஏ2. பெர்லினுக்கு ஏ1-தான் வேண்டும்: ஆமர்ஸ்ஃபோர்ட், அப்பல்டோர்ன், ஹெங்கலோ, அப்புறம் ஜெர்மனி எல்லை. மொத்தம் சுமார் 650 கிலோமீட்டர்.

முதலில் அட்டை. சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழப் பெட்டி ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். அதில் பெர்லின் என்று எழுதவே கூடாது. ஆம்ஸ்டர்டாமில் காலையில் காரை எடுக்கிறவர்களில் எத்தனை பேர் பெர்லின் போவார்கள்? தூரத்து ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 'நாம் அங்கே போகவில்லை' என்று தாண்டிவிடுவார்கள். ஒரு பக்கம் ஏ1 ஆமர்ஸ்ஃபோர்ட் என்று எழுதினேன். மறுபக்கம் ஜெர்மனியைக் குறிக்கும் டி எழுத்தை மட்டும் பெரிதாக எழுதினேன்.

அந்த இடத்தில் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை டீமனுக்கோ தென்கிழக்குப் பகுதிக்கோ போகிற உள்ளூர் வண்டிகள். அவர்கள் விரலைக் கீழே காட்டுவார்கள், அல்லது பக்கவாட்டில் சுட்டுவார்கள். 'இங்கேதான் பக்கத்தில் போகிறேன்' என்று பொருள். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நின்று பதில் சொல்லாவிட்டாலும் சைகையில் பதில் சொல்கிற ஊர் அது.

சுற்றுச்சாலை வரைக்கும் மட்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் நிறுத்தினார். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். ஏ10 ஓரத்தில் இறங்கினால் அங்கே நடக்கக்கூட அனுமதி இல்லை. நீல நிற நெடுஞ்சாலைப் பலகையைத் தாண்டி நடப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. கிடைக்கிற வண்டியில் எல்லாம் ஏறுவதைவிட, எங்கே இறக்கிவிடுவார்கள் என்று பார்த்து ஏறுவதுதான் முக்கியம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பிறகு ஒரு வெள்ளை வேன் நின்றது. சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறவர், அறுபது வயதிருக்கும். இருக்கையில் இருந்த கரண்டிகளையும் ஒரு வாளியையும் பின்னால் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார். கதவு, கியர், அவர் கைமயிர் எல்லாவற்றிலும் மெல்லிய வெள்ளைப் பொடி. ஆமர்ஸ்ஃபோர்ட்டில் வேலை என்றார். இளைஞனாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் சாலையோரத்தில் ராணுவச் சீருடைப் பையன்களும் மாணவர்களும் வரிசையாக நிற்பார்களாம், அவரும் அதில் ஒருவராம். 1991-ல் மாணவர்களுக்குப் பொதுப் போக்குவரத்து அட்டை வந்தது. 1997-ல் கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் அழைப்பதும் நின்றது. அதற்கப்புறம் சாலையோரம் காலியாகிவிட்டது என்றார். லிஃப்ட் கேட்டு நீட்டும் கட்டைவிரலைப் பார்த்தால் அவருக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போகுமாம்.

என்னை ஆமர்ஸ்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் விடுவதாகச் சொன்னார். நல்ல மனசுள்ளவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். காபி கிடைக்கும், கழிப்பறை இருக்கும், ஊருக்குள் விட்டால் உனக்கு வசதி என்பார்கள். ஊருக்குள் போனால் மறுபடி வெளியேறுவதற்குள் பாதி நாள் போய்விடும். நெடுஞ்சாலையிலேயே உள்ள பெட்ரோல் பங்கில் விடுங்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் வாதாடினார். சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் இறக்கிவிட்டார்.

பங்கில் கட்டைவிரலுக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை. மஞ்சள் நம்பர் பிளேட் என்றால் நெதர்லாந்து வண்டி. வெள்ளைப் பிளேட்டில் டி இருந்தால் ஜெர்மனி. பெட்ரோல் போட்டு, காசு கட்டி, வண்டிக்குத் திரும்பி வருகிறவர்களிடம் போய் நேராகக் கேட்டேன். ஒருவர், 'இல்லை, எனக்குத் தனியாக ஓட்டத்தான் பிடிக்கும்' என்றார். அவ்வளவுதான், சாக்குப்போக்கு கிடையாது. டச்சுக்காரர்களின் இந்த வெட்டு ஒன்று துண்டு ரெண்டு பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கேட்கிறவருக்கும் நேரம் மிச்சம்.

ஏற்றிக்கொண்டது ஒரு ஜெர்மன் அம்மா, பின்னால் குழந்தை இருக்கை வைத்த காரில். முதலில் என் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். சந்தோஷமாகக் கொடுத்தேன். அவருக்கும் பாதுகாப்பு வேண்டும் அல்லவா. ஓஸ்னாப்ரூக் பக்கத்து ஓய்விடம் வரை வந்தேன். அதற்கு மேல் ஹானோவர் வழியாகப் பெர்லின், இருட்டுவதற்குள் சேர்ந்தாயிற்று.

---

அண்ணா, நான் உட்ரெக்ட்டில் படிக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நானும் தோழியும் அதே ஆம்ஸ்டல் இடத்திலிருந்து ஆர்ன்ஹெம் போனோம். எங்கள் விதி இதுதான்: நாங்கள் போகிற ஊரை முதலில் சொல்ல மாட்டோம். 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' என்றுதான் முதல் கேள்வி. ஒருவர் கண்ணாடியை இறக்கி, 'உங்களுக்கு எங்கே வேண்டுமோ அங்கே விடுகிறேன்' என்றார். தனக்கென்று போகிற இடம் இல்லாத ஆள் காரில் நாங்கள் ஏற மாட்டோம். வேண்டாம் என்று சொல்லி நாலடி பின்னால் நகர்ந்தோம், அவர் போய்விட்டார்.

அடுத்து வந்தது ஒரு வயதான தம்பதி. தாத்தா ஓட்ட, பாட்டி மடியில் ஒரு வரைபடப் புத்தகம். ஜிபிஎஸ் இருந்தும் அதில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஹாஸ்டல் குழுவுக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். பாட்டி, 'கண்டிப்பாக அனுப்புங்கள், என் பேத்தியும் இப்படித்தான் செய்வாள்' என்றார். நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அப்போதே இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று: பாயன்ராடார் செயலியில் மழை எப்போது வரும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நனைந்த ஆளை இருக்கையில் உட்காரவைக்க யாரும் யோசிப்பார்கள்.

---

தம்பி, தங்கச்சி, நான் லிஃப்ட் குடுக்கிற பக்கத்தில இருந்து எழுதுறன். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து டூயிஸ்பேர்க்கில இருக்கிறன். சொந்தக்காரரைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் வந்து, உட்ரெக்ட், ஆர்ன்ஹெம் வழியா ஏ12-ல திரும்பிறனான். எல்லை தாண்டினா அதே ரோடு ஏ3. வழியில நிற்கிற பெடியளை ஏத்துவன்.

ஓடிக்கொண்டு வாற எங்களுக்கு யோசிக்கக் கிடைக்கிறது ரெண்டு மூண்டு செக்கன்தான். அதுக்குள்ள நான் பார்க்கிறது: கார் ஒதுக்க இடம் இருக்கோ, பின்னால வாறவன் இடிப்பானோ. அதுக்குப் பிறகுதான் முகம். கறுப்புக் கண்ணாடியும் தலையை மூடின ஹூடியும் போட்டிருந்தா ஏத்த மனம் வராது. கண் தெரிய வேணும். வளைவில நிற்கிறவையைப் பார்த்து நிப்பாட்ட ஆசை இருந்தும் பேசாமல் போயிருக்கிறன், கவலைதான்.

லொறிக்காரரை நம்பி இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு. நாலரை மணித்தியாலம் ஓடினா 45 நிமிசம் அவை கட்டாயம் நிற்க வேணும், அது சட்டம். அந்த நேரம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிற்கிறவரிட்டப் போய்க் கதையுங்கோ. ஆனா கன கொம்பனிகள் வெளியாளை ஏத்த விடாது. மாட்டன் எண்டு சொன்னா குறை நினைக்காதேங்கோ.

---

அண்ணா, பெர்லின் கதை எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். ஓட்டுகிறவர் பக்கத்தை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வளைவு விஷயத்தை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே லேவார்டன் பக்கம் போகிறவர்கள் ஆம்ஸ்டலுக்கு வர வேண்டாம், அது எதிர்த்திசை. சென்ட்ரல் நிலையத்துக்குப் பின்னாலிருந்து ஐ நீர்வழியைக் கடக்கும் படகு இலவசம். அக்கரையில் இறங்கி, உள்ளூர் பஸ்ஸில் ஏ7-ஐ நோக்கிப் போய், வண்டி ஒதுக்க இடமுள்ள நேர்ச் சாலையில் நில்லுங்கள். அந்த வழியில்தான் 1932-ல் கட்டி முடித்த 32 கிலோமீட்டர் ஆஃப்ஸ்லௌட்டைக் கடலணை வருகிறது. அணைக்கு முன்னாலேயே முடிகிற சவாரி என்றால் ஏறுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அணையைத் தாண்டி ஃபிரீஸ்லாந்து மாகாணம் வரை போகிற வண்டியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அணையின் நடுவில் காற்று ஆளைத் தள்ளும், ஒதுங்க இடம் குறைவு.