பேச்சு சிகிச்சையில் முதுகலை: முடிவெடுத்தவர்களின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சு சிகிச்சை இளங்கலைப் படிப்பின் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சிதான். அது முடியும் தறுவாயில் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே யோசனை: முதுகலையில் செவித்திறனா, பேச்சா? இளங்கலையில் இரண்டையும் சேர்த்தே படித்தோம். எம்.எஸ்சி.க்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். செவித்திறன் எடுத்தால் காதுக்கருவி நிறுவனங்களில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றார் அப்பா. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் பேச்சுத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். பக்கவாதப் பிரிவில் நான் பார்த்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் அதற்குக் காரணம்.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, அஃபேசியாவோடு, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் குறைபாட்டோடு வந்தார். நாம் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. பதில்தான் வாய்க்கு வரவில்லை. மகளின் பெயரைக் கேட்டால் நெற்றி சுருங்கும், உதடு அசையும், வேறேதோ ஒலி வரும். அதே மனிதர், நான் 'ஒன்று, இரண்டு' என்று எடுத்துக் கொடுத்ததும் பத்து வரை தடங்கலின்றிச் சொன்னார். பேச்சு திரும்பிவிட்டது என்று எண்ணி அவர் மனைவி அழுதுவிட்டார். எண்கள், கிழமைகள், ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பழகிய பிரார்த்தனை ஆகியவை தாமாகவே ஓடி வரக்கூடியவை, வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பது வேறு வேலை என்று அந்த அம்மாவிடம் விளக்குவது என் பொறுப்பாயிற்று. நம்பிக்கையைக் கெடுக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்தப் பாடத்திலும் அதற்கு நான் தயாராகியிருக்கவில்லை.

எங்களிடம் இருந்த பட அட்டைகளை அவர் கையால் தள்ளிவிட்டார். குடை, ஆப்பிள், பந்து என்று சிறுபிள்ளைகளுக்கு வரைந்த படங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அது அவமானமாக இருக்காதா? "அவருடைய கடையை இங்கே கொண்டு வாம்மா" என்றார் மேற்பார்வையாளர். மறுநாள் அவர் மகள் சீரகம், புளி, துவரம்பருப்பு, வெல்லம் எல்லாம் சிறு பொட்டலங்களில் எடுத்து வந்தார். சீரகத்தை முகர்ந்து பார்த்தவரிடம் நான் 'சீ...' என்று தொடங்க, அவரே சொல்லை முடித்தார். அடுத்த நாள் அந்தச் சொல் வரவில்லை. அதற்கடுத்த வாரம், யாரும் தொடங்கிக் கொடுக்காமலே வந்தது. அப்பா சொல் தேடும்போது முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள் என்று மகளிடம் கேட்டுக்கொண்டோம். மகளுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. அருகில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழுங்குவதில் வரும் சிக்கலையும் நாங்கள்தான் பார்க்கிறோம் என்பது உறவினர்கள் பலருக்குத் தெரியாது. தண்ணீர் குடித்ததும் இருமல், குரலில் ஈரம் கலந்தது போன்ற கரகரப்பு என்றால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு நுரையீரல் தொற்றில் போய் முடியும். எதை, எவ்வளவு கெட்டியாக, எப்படி உட்காரவைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதும் இந்தத் துறைதான்.

மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேறு துறையிலிருந்து வந்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

நான் மொழியியலில் எம்.ஏ. முடித்தவள். நேராக எம்.எஸ்சி.யில் சேரலாம் என்று நினைத்திருந்தேன். இந்தியாவில் அது முடியாது. இளங்கலையில் இதே துறையைப் படித்திருக்க வேண்டும், தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்ததால் முதலாண்டிலிருந்து மீண்டும் தொடங்கினேன். வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னை இங்கே இழுத்தது அக்காள் மகன். பிறவியிலேயே காது கேட்காது. முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. கருவியை இயக்கிய அன்றே பேசிவிடுவான் என்று வீடே காத்திருந்தது. ஒலி என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் அவன் அறிகிறான் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குக்கர் விசில், கதவு தட்டும் சத்தம், தன் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பழக்கிய சிகிச்சையாளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று அந்த அறையில்தான் முடிவு செய்தேன்.

லண்டனிலிருந்து:

இங்கே வழி வேறு. உளவியல் பட்டத்தோடு இரண்டாண்டு முதுகலையில் சேர்ந்தேன், முடித்ததும் எச்.சி.பி.சி. என்ற, இங்குள்ள சுகாதாரத் தொழில்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. பெற்றோர் யாழ்ப்பாணம். பயிற்சியின்போது ஒரு தமிழ்க் குழந்தையின் அம்மா, "வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், நானும் நிறுத்திவிட்டேன்" என்றார். அவருக்குச் சரளமாக வருவது தமிழ் மட்டும்தான். ஆகவே குழந்தையோடு பேசுவதே குறைந்துபோயிருந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. உண்மையான மொழிக் குறைபாடு என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் மேற்பார்வையாளரின் அனுமதியோடு அந்தக் குழந்தையிடம் தமிழில் பேசினேன். பொம்மைச் சமையலறையில் தோசை சுட்டபடி நீண்ட வாக்கியங்களில் கதை சொன்னாள். 'தமிழைத் தொடருங்கள்' என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினோம். மதுரைத் தங்கைக்கு: நுழைவுத் தேர்வு நல்லபடியாக அமையட்டும். நீங்கள் தமிழில் தயாரிக்கும் பயிற்சிப் பொருள்கள் இங்கும் எங்களுக்குத் தேவைப்படுகின்றன.