மடையைக் கட்டு

(குழு: மேலத்தெரு சொந்தங்கள்)

பெரியப்பா: நேற்று ராத்திரி குடமுருட்டிப் படித்துறையில் எதிர்வீட்டுப் பையன் பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டான். கஞ்சா. ப்ளஸ் டூ படிக்கிற பையன்.

சித்ரா அத்தை: ஐயோ, எனக்குத் தண்ணீர்க் குடம் தூக்கித் தருவானே, அவனா?

முரளி சித்தப்பா: செடிதானே அண்ணே. சாமியார்கள் இழுக்கவில்லையா? மாத்திரை, ஊசி என்றால்தான் பயம்.

மாலதி: அரளியும் செடிதான் சித்தப்பா 😄

பெரியப்பா: மாலு, நீ பார்மகாலஜி, அதான் மருந்தியல், படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு.

மாலதி: சரி, வயலை வைத்தே சொல்கிறேன். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு ரசாயனம் அனுப்பும், மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி. உங்கள் வயல் நிறைந்ததும் என்ன செய்வீர்கள்?

பெரியப்பா: "போதும், மடையைக் கட்டு" என்று மேலே பார்த்துக் கத்துவேன். கேட்காவிட்டால் மண்வெட்டியோடு போவேன்.

மாலதி: அதேதான். வாங்குகிற நரம்பும் கொடுக்கிற நரம்பைப் பார்த்து எதிர்த்திசையில் கத்தும். அப்படிக் கத்த மூளையே சில ரசாயனங்களைத் தயாரிக்கிறது. அந்த வகையில் ஒன்றை 1992-இல் கண்டுபிடித்தவர்கள் ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நம்ம 'ஆனந்தம்'தான். அதைக் கேட்கிற காதுக்கு சிபி1 என்று பெயர். கன்னாபினாய்டு ஏற்பி, அதாவது கஞ்சா வகை ரசாயனங்கள் வந்து உட்காருகிற இடம்.

கார்த்தி: நம் மூளையே கஞ்சா தயாரிக்கிறதா 😳

மாலதி: கஞ்சா போய் உட்காருகிற அதே இடத்தில் உட்காருகிற பொருளை. அதுவும் தேவைப்பட்ட நொடியில் மட்டும், வேலை முடிந்ததும் கரைத்துவிடும். கஞ்சாவில் போதை ஏற்றுகிற டிஹெச்சி என்ற பொருள் அப்படி இல்லை. ஒலிபெருக்கி கட்டி ஊரிலுள்ள எல்லா மடைக்கும் மணிக்கணக்கில் "கட்டு, கட்டு" என்று கத்தினால் எப்படி இருக்கும்? நினைவு பதிகிற ஹிப்போகேம்பஸில் இந்தக் காதுகள் ஏராளம். அவன் படித்த பாடம் எங்கே நிற்கும்?

முரளி சித்தப்பா: டிவியில் டோபமைன் என்கிறானே, அது?

மாலதி: அதுவும் நரம்பு அனுப்புகிற ஒரு ரசாயனம்தான். டோபமைன் நரம்புகளை அடக்கிவைக்கக் காவல் நரம்புகள் உண்டு. டிஹெச்சி அந்தக் காவலின் வாயைக் கட்டிவிடும், டோபமைன் ஏறும். கொக்கைன் வேறு வழி: சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சுகிற வடிகாலை அடைத்துவிடும். மெத் (மெத்தாம்பெட்டமைன்) என்கிற போதைப்பொருள் அந்த வடிகாலையே எதிர்ப்பக்கம் ஓடவிடும். டோபமைனைச் சந்தோஷம் என்று சொல்வது அரைகுறை. "இதை மறுபடி செய்" என்று மூளைக்குப் பாடம் நடத்துவதுதான் அதன் முக்கிய வேலை.

சித்ரா அத்தை: அதனால்தான் விடமுடிவதில்லையா?

மாலதி: ஆமாம் அத்தை. தினமும் இழுத்தால் மூளை ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் பழைய அளவு போதாது. நிறுத்தினால் தூக்கம் வராது, சோறு இறங்காது, எரிந்து விழுவான். ஆனால் தினசரி புகைத்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நிறுத்தி சுமார் 4 வாரத்தில் சிபி1 ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்திருந்தது. கவலை அவன் வயதுதான். மூளை சுமார் 25 வயதுவரை வளர்கிறது. சின்ன வயதில் ஆரம்பித்தால், அதுவும் குடும்பத்தில் மனநோய் இருந்தால், மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடும்.

முரளி சித்தப்பா: மாத்திரை பற்றி நான் சொன்னது தப்பா?

மாலதி: இல்லை, அது சரி. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டில் சிபி1 மிகக் குறைவு, அதனால் கஞ்சா மூச்சை நிறுத்துவதில்லை. ஓபியாய்டு, அதாவது அபின் வகை, வலி மாத்திரைக்கான ஏற்பிகள் அங்கேயே இருக்கின்றன. அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். பொட்டலத்தோடு மாத்திரையும் இருந்ததா என்று மெதுவாகக் கேளுங்கள்.

பெரியப்பா: நான் கேட்கவில்லை. இரண்டு அறை விட்டேன்.

சித்ரா அத்தை: நல்லா செய்தீர்கள் போங்க அண்ணா. அவன் அம்மா காலையிலிருந்து வாசல்கூடத் தெளிக்கவில்லை.

மாலதி: 14446 போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. அத்தை, நீங்களே போய்க் கொடுங்கள்.

பெரியப்பா: நானும் வருகிறேன். கை வைத்தவன் நான்தானே. இரு, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

மாலதி: புகையிலையோடா பெரியப்பா? நிகோடினுக்கும் டோபமைன்தான் 😄

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: நான் படித்துவிட்டேன் 🤣