ஸ்வீட் இட்ச் அரிப்பு உள்ள குதிரைக்கு எந்தப் போர்வை வாங்கலாம்?

தேரூர்_விளை:

எல்லோருக்கும் வணக்கம். தேரூரில் வயலை ஒட்டிய விளையில் ஒரு மார்வாரிப் பெண்குதிரை வைத்திருக்கிறேன். பெயர் ராணி. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியது. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் கொடைக்கும் போவாள்.

வந்த வருடம் ஒரு குறையும் இல்லை. மறு வருடம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு வயலில் தண்ணீர் கட்டித் தொழி உழவு ஆரம்பித்ததும் கழுத்தைத் தென்னை மரத்தில் போட்டு உரசத் தொடங்கினாள். இப்போது பிடரிமயிர் பாதி இல்லை. வாலின் அடியில் மயிர் கொட்டி, தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கிறது. வயிற்றின் நடுக்கோட்டில் பொருக்கு. கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, சொறிப்பூச்சி இல்லை, பொடிக்கொசு கடியால் வருகிற ஒவ்வாமை, ஸ்வீட் இட்ச் என்றார். ஊசி போட்டதும் அடங்கியது. அதன் வேகம் குறைந்ததும் பழையபடி உரசல்.

உடம்பு முழுக்க மூடுகிற போர்வை போடச் சொல்கிறார். ஆன்லைனில் வலை மாதிரியும் விற்கிறார்கள், முழுத் துணியிலும் விற்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் முழுத் துணி தாங்குமா? கொசுவலைத் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுத்தால் போதுமா? அளவு எப்படி எடுப்பது?

ஆரல்_காற்று:

எனக்குத் தெரிந்து போர்வையைவிடக் காற்றுதான் மருந்து. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இந்தப் பூச்சி பறக்கவே முடியாது. இங்கே மூன்று குதிரை நிற்கிறது, ஒன்றுக்கும் இந்த அரிப்பு இல்லை. லாயத்தில் பெரிய மின்விசிறி ஒன்று வையுங்கள். போர்வைக்குக் கொசுவலைத் துணியே போதும் என்று நினைக்கிறேன், செலவும் குறைவு.

குலசேகரம்_அக்கா:

மின்விசிறி பற்றி ஆரல் தம்பி சொன்னது சரி. கொசுவலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ராணியைக் கடிப்பது நாம் கையால் தட்டிக் கொல்கிற கொசு இல்லை. கியூலிகாய்டிஸ் என்ற பூச்சி. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இந்த இனம்தான். வீட்டுக் கொசுவலைக் கண்ணில் அது சுலபமாக நுழைந்துவிடும். நுழைந்தது வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே இருந்து கடிக்கும். அதற்குப் போர்வை போடாமலே இருக்கலாம்.

எங்கள் காத்தியாவாரிக் குதிரைக்கும் இதே வியாதி. ரப்பர் தோட்டம், பக்கத்தில் ஓடை, இரண்டு பருவ மழையும் கொட்டுகிற ஊர். அவனுக்காகப் பல போர்வைகள் பார்த்தாகிவிட்டது. நான் முதலில் பார்ப்பது துணியை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கண் கண்ணாகத் தெரிந்தால் அது பெரிய ஈக்களுக்கான போர்வை, உங்களுக்கு ஆகாது. நெருக்கமாக நெய்த, வழுவழுப்பான, லேசான துணியாக வேண்டும். அடுத்து, ஒற்றைத் துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் உள்ளங்கையில் மூச்சுக் காற்று படவேண்டும். படாவிட்டால் நம் ஊருக்கு அது சரிப்படாது. ‘ஸ்வீட் இட்ச் ரக்’ என்று தனியாகவே விற்கிறார்கள், ‘ஃப்ளை ரக்’ என்பது வேறு. பெயரைப் பார்த்து வாங்குங்கள். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல்.

அப்புறம் துணி எங்கே முடிகிறது என்று பாருங்கள். இதில்தான் காசு வீணாகும். கழுத்து காதுக்குப் பின்னால் வரை மூடவேண்டும். வயிற்றுப் பட்டை அகலமாக, எலாஸ்டிக்கோடு, முன்காலிலிருந்து மடி வரைக்கும் ஒட்டி நிற்கவேண்டும். அந்த நடுக்கோட்டுப் பொருக்கு இந்தப் பூச்சி வயிற்றிலும் கடிக்கிறது என்பதற்கு அடையாளம். வயிற்றுப் பட்டை இல்லாத போர்வை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ராணிக்கு வேண்டாம். வாலின் அடியை மூட நீளமான மடல் வேண்டும். கழுத்துத் துணியைத் தனியாகக் கொக்கி போட்டு மாட்டுகிற மாடலில் அந்த இணைப்பில் இடைவெளி விழும். உடம்போடு சேர்த்துத் தைத்ததையே எடுங்கள்.

போட்ட பிறகு தரையில் புல்லைப் போட்டுத் தின்ன விடுங்கள். தலை குனியும்போது பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் துணி இழுத்தால் நாலு நாளில் அங்கே புண் வரும். அந்த இடத்திலும் தோளிலும் உள்பக்கம் சாட்டின் வைத்துத் தைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உள்ளூர்த் தையல்காரரிடமே வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தையல்காரர் இதற்குத்தான் வேண்டும்.

அளவு எடுக்க, குதிரையைச் சமதரையில் நிறுத்தி, நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் தோளைச் சுற்றிப் பின்தொடை முடிகிற இடம் வரை டேப் பிடியுங்கள். அடி, அங்குலத்தில் அளவு போட்டிருந்தால் அது இந்த நீளம். 125, 135 என்று சென்டிமீட்டரில் போட்டிருந்தால் அது ஐரோப்பிய அளவு, அந்த மேட்டிலிருந்து வால் வரை முதுகின் நீளம் மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆளைவிடப் பெரிய சட்டை வந்து சேரும். சேணத்துக்குப் பேர்போன கான்பூரில் ஏற்றுமதிக்குக் குதிரைப் போர்வை தைக்கிறார்கள். அளவு கொடுத்தால் தைத்து அனுப்புவார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

புழுக்கம் பற்றிக் கேட்டீர்கள். பயம் நியாயமானதுதான். இந்தப் பூச்சி விடியலிலும் அந்தியிலும்தான் மும்முரம். அதனால் வெயில் சாய்வதற்கு முன்பே போட்டு, காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு கழற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் கட்டுங்கள். வானம் மூடிக்கிடக்கிற மழைநாளில் பகலிலும் கடிக்கும், அன்றைக்குக் கழற்றவேண்டாம். போட்டிருக்கும்போது முன்காலுக்குப் பின்னால் துணிக்குள் கையை விட்டுப் பாருங்கள். வியர்வை ஈரம் தட்டினால் எடுத்துவிட்டுத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடிக்கிடந்தால் தோலில் வேறு தொற்று வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி காயாது. அதனால் விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு மேல்.

சில போர்வைகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும், துவைக்கத் துவைக்கக் குறையும். ஆனால் அது மீனுக்கு விஷம், பூனைக்கும் ஆகாது. தேரூர்க் குளத்தில் கொண்டுபோய் அலசிவிடாதீர்கள். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை, அந்த மீனை நம்பி அத்தனை பறவை வருகிறது. வீட்டுக் குழாயடியில் துவைத்து, தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மூட்டம் போடுகிறீர்களா? எப்போதாவது என்றால் சரி. தினமும் மூடிய லாயத்தில் புகை போட்டால் குதிரையின் மூச்சுக்குழாய் கெடும். அதற்குப் பதில் சாணியைத் தினமும் தள்ளுங்கள், வெட்டிப் போட்ட வாழைத்தண்டை லாயத்துக்குப் பக்கத்தில் அழுக விடாதீர்கள். அழுகிய வாழைத்தண்டிலும் இந்தப் பூச்சி முட்டையிட்டுப் பெருகும்.

கால்நடை_மாணவன்:

அக்கா சொன்னதோடு சில விஷயம். இது அந்தப் பூச்சியின் எச்சிலுக்கு உடம்பு காட்டுகிற ஒவ்வாமை. மற்றக் குதிரைக்கு ஒட்டாது, பயப்படவேண்டாம். கடி பழகிய பிறகுதான் ஒவ்வாமை வரும், அதனால்தான் வந்த வருடம் ராணிக்கு ஒன்றும் தெரியவில்லை. நெடுங்காலம் இந்தப் பூச்சி இல்லாதிருந்த ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்து பிறகு வெளிநாடு போகிற குதிரைகளுக்கு இந்த அரிப்பு மிக அதிகமாக வருகிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம்.

ஒவ்வாமைத் தன்மை குட்டிக்கும் இறங்கலாம், எனவே ராணியை இனப்பெருக்கத்துக்கு விடுவது பற்றி யோசியுங்கள். ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகிற ஆபத்து இருக்கிறது. பென்சைல் பென்சோவேட் என்ற பூச்சு மருந்தைத் தடவச் சொன்னால் புண் இல்லாத இடத்தில் மட்டும் தடவுங்கள்.

வாலை மட்டும் உரசுகிற குதிரை என்றால் ஊசிப்புழுவையும் சந்தேகப்படவேண்டும். ராணிக்குப் பிடரியும் வயிறும் சேர்ந்திருப்பதால் உங்கள் மருத்துவர் சொன்னதுதான் பொருந்துகிறது.

தேரூர்_விளை:

ரொம்ப நன்றி அக்கா, தம்பி. அளந்து பார்த்தேன். 5 அடி 11 அங்குலம் வருகிறது. கடையில் 5 அடி 9, அதற்கு அடுத்து 6 அடிதான் இருக்கிறது. எதை எடுக்க? இப்போது தடவுகிற வேப்பெண்ணெயைத் தொடரலாமா? கும்பப்பூ நடவு முடிந்து கொசு கூடிய பிறகு போட ஆரம்பித்தால் போதுமா?

குலசேகரம்_அக்கா:

6 அடி எடுங்கள். சின்னது தோளில் இறுக்கும். ஒரு அங்குலம் கூடுதலை நெஞ்சுப் பட்டையில் சரிசெய்யலாம். வயிற்றுப் பட்டை தொங்கினால் மட்டும் தையல்காரரிடம் பிடிக்கச் சொல்லுங்கள்.

எண்ணெயைப் போர்வைக்கு அடியில் தடவாதீர்கள். துணியில் இறங்கி, தூசி ஒட்டி, காற்றுப் போகிற வழி அடைத்துவிடும். முகம், காதுக்குள், காலின் கீழ்ப்பகுதி என்று துணி மூடாத இடத்தில் லேசாகத் தடவலாம், புண்ணில் படாமல்.

கொசு கூடும் வரை காத்திருக்கவேண்டாம். உரசல் தொடங்கிவிட்டால் தோல் உடையும், உடைந்த தோலின் மேல் எந்தத் துணியும் உறுத்தும், போர்வையையும் மரத்தில் தேய்த்துக் கிழிப்பாள். வயலில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே போட்டுப் பழக்குங்கள். மாசி, பங்குனியில் வயல் காய்ந்து கிடக்கும்போது ராணிக்கு விடுமுறை கொடுக்கலாம்.

முதல் நாள் போர்வையை மடித்து அவள் மோந்து பார்க்கட்டும். பிறகு முதுகில் மட்டும் போட்டு எடுங்கள். கழுத்துத் துணி தலைக்கு மேல் ஏறும்போதுதான் பல குதிரைகள் மிரளும், அந்த நேரம் தலைக்கயிற்றைக் கட்டி வைக்காமல் ஒரு ஆள் கையில் பிடித்திருக்கட்டும். முதலில் நெஞ்சுப் பட்டை, அப்புறம் வயிறு, கடைசியில் வால். கழற்றும்போது வாலிலிருந்து தலைகீழாக வாருங்கள், நெஞ்சை முதலில் அவிழ்த்துவிட்டால் போர்வை பின்காலில் சிக்கி ஓட ஆரம்பிப்பாள்.

போர்வை வந்ததும் படம் போடுங்கள். கழுத்தும் வயிறும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று, புல் மேய்கிறபோது ஒன்று.