புதுப்பிப்பு: அஸ்கர்னிஷில் ஆடிவிட்டு வந்தேன்

ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவிலுள்ள அஸ்கர்னிஷ் கோல்ஃப் மைதானத்துக்கு அவ்வளவு தூரம் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம்.

1891-ல் ஸ்காட்லாந்தின் பழம்பெரும் கோல்ஃப் வீரர் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்தது. காலப்போக்கில் மணல்மேடுகளில் மறைந்துபோனதை மீட்டெடுத்து 2008-ல் மறுபடி திறந்தார்கள். முதல் ஆறு குழிகள் பெரும்பாலும் சமதளம். ஏழாவதில் மேடேறினால் அட்லாண்டிக் முழுசாகக் கண்முன் விரிகிறது. அப்படியே நின்றுவிட்டேன்.

காற்று பலமாக வீசும் என்று அப்போது நீங்கள் எச்சரித்தது ரொம்ப சரி. தூக்கி அடித்தால் பந்து எங்கோ போய்விடும். மணல் கலந்த மண் என்பதால் தண்ணீர் தேங்காது, தரை கெட்டியாக இருக்கும். அதனால் கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குட்டைப்புல் பரப்பு) வெளியிலிருந்தே, பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் உருட்டினேன். பந்து மேட்டில் ஏறி, வளைந்து, குழியின் கொடியருகே போய் நின்றது. அந்த ஒரு அடிக்கே பயணம் தகும்!

அப்புறம், தீவுக்குப் போகும் மல்லேக்–லோக்பாய்ஸ்டேல் கப்பல் வானிலையால் ரத்தாகலாம். கையில் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.