ஜீப் டிஜே: பின் ஆக்சிலை 5 இன்ச் தள்ளுவது பற்றி

மண்ரோடு:
2004 ராங்ளர் டிஜே. 4 இன்ச் லிஃப்ட் (உயர்த்தல்), 35 இன்ச் டயர். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு தூக்குது. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில் இடைத்தூரம்) 93.4 இன்ச்தான், அதை நீட்டணும். எந்த ஆக்சிலைத் தள்ளணும்? நீளமான கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலை ஃபிரேமோடு இணைக்கும் கம்பி) மாட்டினாலே போதுமா?

நாலுலிங்க்:
ஏற்றம்தான் பிரச்சினைன்னா பின் ஆக்சில். எடை மையத்துக்கும் பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடினால்தான் வண்டி மல்லாக்கக் கவிழாது. முன் ஆக்சிலைத் தள்ளினால் இறக்கத்துக்கு நல்லது. ஆனா ஸ்டீயரிங் பாக்ஸையும் நகர்த்த வேண்டி வரும்.

ஆர்ம் மட்டும் மாற்றுவதா இருந்தா ஒரு இன்ச்சோட நிறுத்திக்குங்க. அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கின் அடி பின்னால் போகும், தலை அங்கேயே நிற்கும், நடுவில் வளையும். ஆக்சில் மேலே வரும்போது டிஃப் கவர் (ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கியர் பெட்டியின் மூடி) நேரா பெட்ரோல் டேங்கில் இடிக்கும். 5 இன்ச் வேணும்னா டேங்க் இடம் மாறணும். ஸ்பிரிங், ஷாக் மவுண்ட் எல்லாம் பின்னால் போகணும். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் நீளணும், சைலன்ஸர் பைப் மாறணும், வீல் ஆர்ச்சை வெட்டணும்.

மண்ரோடு:
ட்ராக் பாரை (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) வச்சுக்கலாமா அண்ணா?

நாலுலிங்க்:
மேல் லிங்க் (மேல் கன்ட்ரோல் ஆர்ம்) ரெண்டையும் முக்கோணமா வச்சா ட்ராக் பார் தேவையில்லை. ரெண்டுக்கும் நடுக்கோணம் 40 டிகிரிக்குக் குறையக்கூடாது. குறைஞ்சா ஆக்சில் பக்கவாட்டில் ஆடும். ஆக்சிலில் மேல், கீழ் லிங்க் இடைவெளி டயர் உயரத்தில் கால்பங்கு, உங்களுக்கு 8.5 முதல் 9 இன்ச். கீழ் லிங்க் பாறையில் உரசும், அதனால் 2 இன்ச் டிஓஎம் டியூப் (உறுதியான ஸ்டீல் குழாய்), சுவர் தடிமன் கால் இன்ச்.

பிராக்கெட்டை நேரா ஃபிரேமில் வெல்ட் பண்ணாதீங்க. முதலில் 3/16 இன்ச் பிளேட், அதன் மேல் பிராக்கெட். பிளேட்டின் முனையைச் சாய்வா வெட்டுங்க. ஃபிரேமுக்குக் குறுக்கே செங்குத்தா வெல்ட் ஓடினா விரிசல் அந்தக் கோட்டிலேயே விடும். டிஜேயில் பின் ஆர்ம் மவுண்ட் பக்கம் துரு பிடிக்கும், முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்க.

ஷாஃப்ட்ராஜா:
ப்ராப்பெல்லர் ஷாஃப்டை (இன்ஜின் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டு போகும் தண்டு) கடைசியா ஆர்டர் பண்ணுங்க. பிராக்கெட் எல்லாம் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) மட்டும் வச்சு, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கில் ஆக்சிலை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்க. எங்கேயும் இடிக்கலைன்னா முழு வெல்ட். பிறகு வண்டி தன் எடையில் நிற்கும்போது அளவெடுங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பக்கம் டபுள் கார்டன் ஜாயின்ட் (இரட்டை மூட்டு) இருந்தா, பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃப் முனை) ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் கோட்டுக்கு 1–2 டிகிரி கீழே இருக்கணும்; ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அது தானா எழும்பும்.

ஒண்ணு, திரும்பும் வட்டம் 5 சதவீதம் பெரிசாகும். வண்டியின் வயிற்றுப் பக்கமும் முன்பைவிடச் சீக்கிரம் தரையில் தட்டும். ஸ்கிட் பிளேட்டை (அடிப்பக்கப் பாதுகாப்புத் தகடு) கொஞ்சம் மேலே ஏற்றிடுங்க.