சுவரில் தாவும் சின்னச் சிலந்தி: குழந்தை தூங்கும் அறையில் விடலாமா?

கேட்டவர், காரைக்குடி:
எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் நான்கு நாளாக ஒரு சிலந்தி தென்படுகிறது. உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. சாம்பல் நிறம், தட்டை உடம்பு. வலை எங்கும் இல்லை. விரலை நீட்டினால் திரும்பி நின்று என்னையே பார்க்கிறது, அப்புறம் பொசுக்கென்று தாவுகிறது. அங்கேதான் எட்டு மாதக் குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறோம். சிலந்தி மூத்திரம் பட்டால் அக்கி வரும் என்று அப்பத்தா பயப்படுகிறார். மருந்து அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. இது விஷப்பூச்சியா?

தேவகோட்டை அண்ணன்:
அடித்துவிடாதீர்கள் தம்பி. டார்ச் அடித்துக் கண்ணையும் முதுகுக் கோட்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணே. முன்னால் நான்கு கண், நடுவில் உள்ள இரண்டு மட்டும் பெரிதாக மினுங்குகின்றன. நடு முதுகில் கறுப்புக் கோடு, அதன் இருபுறமும் வெள்ளை.

தேவகோட்டை அண்ணன்:
அப்படியானால் தாவும் சிலந்திதான். ஈப்புலி என்று பழைய சொல் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் மெனிமெரஸ் பைவிட்டாட்டஸ் என்ற இனத்தின் ஆண் போலிருக்கிறது. பெண்ணுக்குக் கறுப்பு இரு ஓரங்களிலும் ஓடும். இது வலை விரித்துக் காத்திருக்காது. ஈயையோ கொசுவையோ கண்டால் பூனை மாதிரி பதுங்கி வந்து பாயும். பாயுமுன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தவறினால் அதில் தொங்கும். காலுக்குள் உடல் திரவத்தை வேகமாக அழுத்தித்தான் அந்தத் தாவல். விஷம் ஈக்குத்தான், நமக்கு ஆபத்தில்லை. நசுக்கினால் கடிக்கலாம், அவ்வளவே.

புதுவயல் நர்ஸ் அக்கா:
அக்கிக்கும் சிலந்திக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. சின்னம்மை வந்துபோனவர் உடம்பில் தங்கிய வைரஸ் மறுபடி கிளம்புவதுதான் அக்கி. பெரியவர்களுக்கு வந்தால் காவி எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாமல் 3 நாளுக்குள் டாக்டரிடம் போய்விட வேண்டும், மாத்திரை அப்போதுதான் நன்றாகக் கேட்கும். தூளி தொங்கும் அறையில் பூச்சிமருந்து அடிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மனசு கேட்கவில்லை என்றால் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

கேட்டவர்:
மருந்துக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பத்தா கண் முன்னாலேயே டம்ளரில் பிடித்து முற்றத்தில் விட்டோம். சாயங்காலம் அதே சுவரில் இன்னொன்று நிற்கிறது அண்ணே. இதற்குக் கறுப்பு இரு ஓரங்களிலும்.